பொறியும் மனிதனும்



வாளையாறு, கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும், மலைமேல் மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்களிலும் நம்மவர் கூடிப் பேசும் இடங்களில் ஒரு வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. "ஆன்மா என ஒன்று இல்லையென்று உங்கள் புத்தர் சொல்லிவிட்டார், உடம்பும் உணர்ச்சியும் நினைப்பும் கூடிய கூட்டந்தான் மனிதன் என்கிறீர்கள், அப்படியானால் எந்திரன் படத்தில் வருகிற சிட்டிக்கும் உங்களுக்கும் என்ன வேற்றுமை?" என்பதே அவ்வினா. சிலர் இதனைக் கேலியாகக் கேட்கின்றனர். அவர்களுக்கு விடை சொல்லாவிடினும் குறைவில்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளே இப்போது மெய்யான ஐயத்தோடு இதனைக் கேட்கின்றனர். கையில் உள்ள செல்பேசி அவர்களோடு உரையாடுகின்றது, கடிதம் எழுதித் தருகின்றது, கணக்குப் போடுகின்றது. "இதற்கு மேல் நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று ஒரு பிள்ளை கேட்குமானால், அதற்கு விடை சொல்வது பெரியோர் கடமையாகும். ஆதலின் இவ்விதழின் பாடமாக அவ்வினாவையே எடுத்துக்கொள்வோம்.

1. பழங்கதைகளிற் பொறி

பொறி என்னும் சொல் தமிழில் மூன்று பொருள் தரும். இயந்திரமும் பொறியே, கண், காது முதலிய ஐந்தும் பொறிகளே, எலியைப் பிடிக்கும் கூண்டும் பொறியே. தானே இயங்குவது போலத் தோன்றுவது, உலகை உள்ளே கொணர்வது, அகப்பட்டால் விடாதது என்னும் மூன்றையும் நம் முன்னோர் ஒரு சொல்லால் குறித்தனர். இந்த மூன்று பொருளும் இப்பாடத்திற்கு வேண்டியவையே, நினைவில் வைத்துக்கொள்க.

பொறியுருவங்களைப் பற்றிய கதைகள் மேனாட்டிலிருந்து வந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. உதயணன் கதையில், அம்மன்னனைச் சிறைபிடிக்க விரும்பிய பிரச்சோதனன் மரத்தால் யானை ஒன்று செய்து, அதனுள் வீரர்களை மறைத்துக் காட்டில் உலவ விட்டான். இக்கதை தம்மபத உரையிலும் உள்ளது. சீவக சிந்தாமணியில் அரசி விசயை ஏறிப் பறந்து தப்பிய மயிற்பொறியைத் தமிழ் கற்றோர் அறிவர். பர்மா நாட்டில் வழங்கிய லோகபஞ்ஞத்தி என்னும் பாலி நூல், பகவானுடைய தாதுக்களை அஜாதசத்துரு மன்னன் புதைத்த இடத்தில் வாளேந்திய பொறியுருவங்கள் காவல் நின்றன என்றும், அசோகர் காலம் வரை அவை ஓயவில்லை என்றும் கூறுகின்றது.

இக்கதைகள் அனைத்திலும் ஒரு செய்தி பொதுவாக உள்ளது. மர யானை வஞ்சகம் செய்யவில்லை, வஞ்சகம் பிரச்சோதனனுடையது. மயிற்பொறி அரசியின் மீது இரக்கம் கொள்ளவில்லை. அதனைச் செய்வித்தவன் முன்னெண்ணமே அவளைக் காத்தது. பொறி சுமந்து சென்றது பிறருடைய எண்ணத்தை. இதனை முதற் படியாகக் கொள்க.

2. சிட்டியின் கதை

இனி, நம் மக்கள் எல்லாரும் கண்ட கதைக்கு வருவோம். ஷங்கர் இயக்கிய எந்திரன் 2010-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெளிவந்தது. வசீகரன் என்னும் அறிஞன் தன் உருவிலேயே ஒரு பொறி மனிதனைச் செய்கிறான். அதன் பெயர் சிட்டி. நூல்களையெல்லாம் நொடியில் படிக்கும். நூறு பேர் வலிமை அதற்கு உண்டு. ஆயினும் அக்கதையில் அது மூன்று இடங்களில் தோற்கின்றது.

முதல் தோல்வி: சோதிக்க வந்த போரா என்னும் மூத்த அறிஞர், வசீகரனைக் குத்துமாறு சிட்டிக்குக் கட்டளையிடுகிறார். தன்னைச் செய்தவன் என்றும் பாராமல் சிட்டி கத்தியை ஓங்குகிறது. கட்டளை உண்டு, ஏன் என்ற கேள்வி இல்லை.

இரண்டாம் தோல்வி: தீப்பற்றிய கட்டடத்திலிருந்து சிட்டி பலரை மீட்கிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அந்நிலையிலேயே தூக்கிக்கொண்டு வந்து, ஊரார் நடுவில் நிறுத்துகிறது. அவள் நாணம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டு மாள்கிறாள். உயிரைக் காத்த கைக்கு மானத்தைக் காக்கத் தெரியவில்லை.

மூன்றாம் தோல்வி: குறை இன்னதென்று கண்ட வசீகரன் சிட்டிக்கு உணர்ச்சிகளைக் கற்பிக்கிறான். அது கோபம் கொள்கிறது, மகிழ்கிறது, ஒரு பெண்ணின் பேறுகாலத் துன்பத்தைத் தன் நூலறிவால் தீர்க்கிறது. எல்லாரும் கொண்டாடுகின்றனர். ஆனால் அடுத்து நிகழ்வது என்ன? சனா என்னும் பெண்ணின் மீது அதற்கு ஆசை பிறக்கிறது. அவள் மறுத்தும் அது விடவில்லை. பின்னர் போரா சிவப்புச் சில்லு ஒன்றை அதனுள் பொருத்தியபோது, அந்த ஆசையே ஆயிரம் கைகளும் ஆயிரம் துப்பாக்கிகளுமாகப் பெருகிப் பலரைக் கொல்கிறது.

பொறிக்கும் மனிதனுக்கும் வேற்றுமை யாது என்று கேட்டால், "மனிதனுக்கு உணர்ச்சி உண்டு, அன்பு உண்டு" என்று திரைக்கதைகள் பெரும்பாலும் விடை சொல்லும். எந்திரன் கதை அவ்விடையைச் சோதித்துப் பார்த்து, அது போதாது என்று காட்டிவிட்டது. அறிவைக் கொடுத்தார்கள், அது கருவியாயிற்று. உணர்ச்சியைக் கொடுத்தார்கள், அது வேட்கையாயிற்று. இதனைப் பௌத்தர் கண்டு வியப்படைய வேண்டுவதில்லை. அடக்கமற்ற உணர்ச்சியிலிருந்து வேட்கையும், வேட்கையிலிருந்து பற்றும், பற்றிலிருந்து துன்பமும் பிறக்கும் என்பது நாம் நாள்தோறும் படிக்கும் நிதானச் சங்கிலிதானே?

3. ஆன்மா இல்லையேல் மனிதன் பொறியா?

இப்போது கேலி பேசுவோரின் கேள்விக்கு நேரே வருவோம். நாம் எதனையும் மறைக்க வேண்டியதில்லை.

மிலிந்த மன்னன் வினவியபோது நாகசேனத் தேரர் தேரை உவமையாகக் காட்டினார். அச்சு தேரன்று; சக்கரம் தேரன்று; ஏர்க்கால் தேரன்று; இவை முறையாகக் கூடிய இடத்தில் தேர் என்னும் பெயர் வழங்குகின்றது. அவ்வாறே உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்கள் கூடிய இடத்தில் மனிதன் என்னும் பெயர் வழங்குகின்றது. ஆசாரியர் புத்தகோசர் காஞ்சிமா நகரிலும் தங்கியவர் என்பதை அவருடைய உரைகளின் முடிவுரையால் அறிகின்றோம். அவர் விசுத்திமார்க்கத்தில் இன்னும் கடுமையான உவமை ஒன்றைத் தந்துள்ளார். மரப்பாவை உள்ளே உயிரின்றி இருந்தும், மரமும் கயிறும் கூடியதால் நிற்கிறது, நடக்கிறது, விருப்பமுள்ளது போலத் தோன்றுகிறது. நாமரூபமும் அத்தகையதே என்பது அவ்வுவமை.

ஆக, சிட்டியைப் பற்றிய திரைக்கதைக்கு 1500 ஆண்டுகளுக்கு முன்னரே நம் ஆசாரியர்கள் மனிதனைப் பாவையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டனர். அவர்கள் அஞ்சவில்லை. நாமும் அஞ்ச வேண்டாம். உள்ளே ஒளிந்திருந்து ஆட்டுவிக்கும் நித்திய ஆன்மா மனிதனிடத்தும் இல்லை; பொறியினிடத்தும் இல்லை. இவ்வளவில் இரண்டும் ஒன்றே.

ஆனால் ஒன்று கேட்கின்றேன். பானையும் தேரும் கூடப் பல உறுப்புகள் கூடியவையே. கூடியது என்பதால் எல்லாம் ஒன்றாகிவிடுமா? அரிசியும் நீரும் கூடினால் சோறு. சுண்ணாம்பும் மணலும் கூடினால் காரை. கூடுதல் இரண்டிலும் உண்டு. எது கூடிற்று என்பதே வேற்றுமை. ஐங்கந்தங்களில் தேருக்கு உருவு ஒன்றே உண்டு. மனிதனுக்கு நுகர்ச்சி உண்டு. பாவனைக் கந்தத்துள் சேதனை உண்டு. ஆன்மா என்னும் பேச்சே எடுக்காமல், கண்ணெதிரே காணக்கூடிய இவற்றைக் கொண்டே வேற்றுமையை நிறுவலாம். அவ்வேற்றுமைகளை நான்காக வகுத்துக் கூறுவேன்.

4. நான்கு வேற்றுமைகள்

முதலாவது, துன்பம் உணர்தல். நூற்பாலையில் பல ஆண்டுகள் உழைத்தவன் என்னும் முறையில் இதனைச் சொல்கின்றேன். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பொறியின் உருளைக்குப் பஞ்சும் ஒன்றே, விரலும் ஒன்றே. நான் வேலை செய்த ஓர் ஆலையில் ஒரு தொழிலாளியின் கை அதில் அகப்பட்டபோது, ஓடி வந்து பொறியை நிறுத்தியவள் அடுத்த பொறியில் நின்ற பெண். வலி அவன் கையில். அலறல் அவள் வாயில். தன் உடம்பில் நேராத துன்பம் அவளை ஓடச் செய்தது. "இக்காலத்துப் பொறிகள் கை பட்டவுடன் தாமே நின்றுவிடுகின்றனவே" என்று நீங்கள் கேட்கலாம். நிற்கின்றன, நல்லது. ஆனால் பிறர் கையின் வலியைத் தன் உள்ளத்தில் எண்ணிப் பார்த்த ஒருவர் அந்த அமைப்பை அதில் வைத்தார். அங்கே விளங்கும் கருணை வைத்தவருடையது.

இரண்டாவது, சேதனை, அதாவது எண்ணித் துணிதல். சேதனையையே தாம் கர்மம் என்று கூறுவதாகப் பகவான் அருளினார். எண்ணித் துணிந்த பின்னரே மனிதன் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்கிறான். எந்திரன் கதையின் முடிவில் நீதிமன்றம் கூடுகிறது. சிட்டி தன் நினைவிலிருந்த படத்தைக் காட்ட, சிவப்புச் சில்லைப் பொருத்தியவர் போரா என்பது விளங்குகிறது; வசீகரன் விடுதலை பெறுகிறான். அந்த நீதிமன்றம் தேடியது யாது? கொன்ற கையை அது தேடவில்லை. அதன் பின் நின்ற எண்ணத்தைத் தேடிற்று. எண்ணம் எங்கே பிறந்ததோ அங்கே வினையும் நிற்கும் என்பது நம் தம்மம்.

மூன்றாவது, நாணமும் பழியஞ்சுதலும். பாலி மொழியில் ஹிரி, ஒத்தப்பம் என்னும் இவ்விரண்டையும் உலகைக் காக்கும் இரு தம்மங்கள் என்று பகவான் குறித்தார். இவை இல்லையேல் தாயென்றும் சிற்றன்னையென்றும் ஆசிரியர் மனைவியென்றும் வேறுபாடு இன்றி உலகம் விலங்குகள் போலக் கலங்கிவிடும் என்றும் கூறினார். தீயிலிருந்து மீட்கப்பட்ட அப்பெண்ணுக்கு அருகே ஒரு போர்வை கிடந்திருந்தால், எழுதப் படிக்கத் தெரியாத நம் தோட்டத்துப் பாட்டி ஒருத்தி அதனை எடுத்து அவள்மேல் போர்த்தியிருப்பாள். நூறாயிரம் நூல்களைப் படித்த சிட்டிக்கு அது தோன்றவில்லை. நாணம் என்பது நூலறிவில் அடங்காது. பிறர் கண்ணால் தன்னையும், தன் கண்ணால் பிறரையும் காணும் உள்ளத்தில் அது பிறக்கும்.

நான்காவது, தானே திருந்துதல். இதனைச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் சிட்டியின் கதையைப் போன்ற கதை ஒன்று நம் சுத்தங்களிலேயே உள்ளது. அங்குலிமாலன் ஆசிரியரின் கட்டளையால் கொலைகாரனானான் என்று உரையாசிரியர் கூறுவர். ஆயிரம் விரல் கொண்டுவா என்று ஆசிரியர் ஏவினார். அவன் ஏன் என்று கேளாது கொன்றான். போரா வைத்த சிவப்புச் சில்லும் இதுவும் ஒன்றே அன்றோ? ஆனால் சிட்டியின் சில்லைப் பிறர் எடுத்தாலன்றி அதற்கு விடிவில்லை. அங்குலிமாலனிடம் பகவான் எந்தக் கருவியும் கொண்டு வரவில்லை. தாம் நின்றுவிட்டதாகவும் அவன்தான் இன்னும் நிற்கவில்லை என்றும் சொன்னார். அவ்வளவே. ஓடியவன் நின்றான், வாளை எறிந்தான், துறவியானான்.

இன்னும் கேளுங்கள். பிச்சைக்குச் சென்ற அங்குலிமாலத் தேரர் பேறுகால வேதனையில் துடிக்கும் ஒரு பெண்ணைக் கண்டார். உயிர்கள் எவ்வளவு துன்புறுகின்றன என்று உருகிப் பகவானிடம் வந்து சொன்னார். பிறந்தது முதல் நான் அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை. இவ்வாய்மையால் நீ நலம் பெறுக என்று அவளிடம் கூறுமாறு பகவான் பணித்தார். தேரர் உடனே மறுத்தார். தாம் அறிந்தே பல உயிர்களைக் கொன்றவராதலின் அது பொய்யாகும் என்றார். அறநெறியில் பிறந்தது முதல் என்று சொல்லுமாறு பகவான் திருத்திய பின்னரே சென்று கூறினார். தாயும் சேயும் நலம் பெற்றனர். சிட்டியும் ஒரு பிள்ளைப்பேற்றுக்கு உதவிற்று. நூலில் கண்ட முறையால் உதவிற்று. தேரர் கையில் நூல் இல்லை, மருந்தில்லை. கண்ட துன்பத்தால் உருகிய நெஞ்சும், குருவே சொல்லினும் பொய் சொல்லேன் என்ற துணிவும் இருந்தன. முன்னர் ஆசிரியர் ஏவியபோது ஏன் என்று கேளாதவன், இப்போது பகவானிடமே கேட்டுத் தெளிகிறான். திருந்துதல் என்றால் இதுவே.

5. பணிவிடை செய்யும் பொறி

மலையாளத்தில் 2019-ஆம் ஆண்டு வெளிவந்த ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் என்னும் படத்தையும் இங்கே கருத வேண்டும். ரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாள் இயக்கியது. பின்னர் 2022-இல் கூகுள் குட்டப்பா என்னும் பெயரில் தமிழிலும் எடுக்கப்பட்டது. பையனூரில் தனியே வாழும் பிடிவாதக்காரரான முதியவர். மகன் வேலைக்காக உருசிய நாடு செல்கிறான். தந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறி மனிதனைக் கொண்டு வந்து வைக்கிறான். வெறுத்த முதியவர் மெல்ல மெல்ல அதனை மகனைப் போல நேசிக்கத் தொடங்குகிறார்.

இக்கதை நம் லயங்களுக்கு அயலானதன்று. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் எர்ணாகுளத்திற்கும் சென்றுவிட, இருமலோடும் மூட்டுவலியோடும் முதியோர் ஒற்றை அறையில் கிடப்பதை நாம் காண்கின்றோம். அவர்களுக்கு ஒரு பொறி வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்குமானால் அதனைப் பழிக்க நான் முன்வரேன். கருவி நன்றே. ஆனால் அம்முதியவர் பொறியிடம் அன்பைக் கண்டார் என்று மகிழ்வதற்கு முன், அவ்வன்பு யாரிடமிருந்து எழுந்தது என்று நோக்குக. அன்பு முதியவருடையது; பொறியின்மேல் அது விழுந்தது. பசித்தவன் வெறும் இலையைத் தடவுவது போல, மனிதத் தொடுகைக்கு ஏங்கிய நெஞ்சு கிடைத்ததைத் தழுவிற்று.

வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவான் கண்டார். தாமே நீர் ஊற்றி, ஆனந்தர் கழுவ, அவரோடு சேர்ந்து தூக்கிப் படுக்க வைத்தார். பின்னர்ப் பிக்குகளைக் கூட்டி, தாயும் தந்தையும் அருகில் இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடின் யார் பேணுவர் என்று வினவி, தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணி செய்க என்று அருளினார். அப்பிக்குவின் உடம்பு தூய்மையானது ஒரு பயன். தாம் கைவிடப்படவில்லை என்று அவர் அறிந்தது மற்றொரு பயன். முதற் பயனைப் பொறியும் தரலாம். இரண்டாவதைத் தர, விட்டுப் போகக்கூடிய ஒருவர் போகாமல் நிற்க வேண்டும். போக இயலாத பொறிக்கு நிற்றலும் இல்லை.

6. மனிதனைப் பொறியாக்கியவர்கள்

பொறி மனிதனாகுமா என்று திரைக்கதைகள் கேட்கின்றன. நம்மைப் போன்றோர் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மனிதனைப் பொறியாக்கியவர் யார்?

ரோபோ என்னும் சொல்லின் பிறப்பைக் காண்க. செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் அச்சொல் முதலில் வழங்கிற்று. அம்மொழியில் ரோபோட்டா என்றால் பண்ணையடிமைகள் ஆண்டைக்குச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. நாம் வெட்டி வேலை என்று சொல்வதே அது. உலகத் திரைகளில் எல்லாம் இன்று உலவும் அப்பெயர் அடிமையின் பெயரே.

அதற்கும் முன்னர், கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், நெசவு நாடா தானே ஓடி நெய்யுமாயின் ஆண்டைகளுக்கு அடிமைகள் தேவைப்படார் என்று எழுதினார். அடிமையை உயிருள்ள கருவி என்றும் கூறினார். நாடா தானே ஓடும் காலமும் வந்தது. 1785-இல் கார்ட்ரைட் என்பவர் விசைத்தறிக்கு உரிமை பெற்றார். அடிமைகள் விடுதலை பெற்றனரா? அத்தறிகளுக்கும் ஆலைகளுக்கும் பஞ்சு வேண்டி, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1865 வரை அடிமைகள் வயல்களில் வருத்தப்பட்டனர். பொறி வந்தால் மனிதன் தானே விடுதலை பெறுவான் என்பது வரலாறு மெய்ப்பிக்காத பேச்சு. சார்லி சாப்ளின் 1936-இல் எடுத்த மாடர்ன் டைம்ஸ் படத்தில், திருகாணி முடுக்கும் தொழிலாளியின் கை வேலை நின்ற பின்னும் முடுக்கிக்கொண்டே இருக்கும். உண்ணும் நேரத்தைக் குறைக்கத் தொழிலாளிக்கு ஊட்டிவிடும் பொறி ஒன்றும் அதில் வரும். மக்கள் சிரிப்பர். ஆலையில் நின்றவருக்கு அச்சிரிப்பின் அடியில் உள்ளது விளங்கும்.

நம் மண்ணில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. திருவிதாங்கூரில் 1855-ஆம் ஆண்டின் அரச விளம்பரம் வரும் வரையில், நிலத்தோடு சேர்த்து மனிதரை விற்றனர், வாங்கினர், ஈடு வைத்தனர். கலப்பையும் எருதும் ஆளும் ஒரே பட்டியலில் இருந்தன. அங்கே ஆண்டையின் வலிமை மட்டும் போதவில்லை. இன்னார் வயிற்றில் பிறந்தவன் இன்ன வேலையே செய்ய வேண்டும் என்னும் விதியும் வேண்டியிருந்தது. பொறிக்குள் செயல்முறையை எழுதி வைப்பது போல, குழந்தை பிறக்கும் முன்னரே அதன் தொழிலை எழுதி வைக்கும் அமைப்புக்கே சாதி என்று பெயர். பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில், சாதி தொழிற் பிரிவினை மட்டும் அன்று, தொழிலாளரின் பிரிவினையுமாகும் என்று விளக்கினார். தம் நடத்தையை ஆளும் நோக்கங்களைப் பிறரிடமிருந்து ஏற்றுக்கொள்ளுமாறு சிலர் கட்டாயப்படுத்தப்படும் நிலையே அடிமைத்தனம் என்றும் விளக்கினார். சட்டத்தில் அடிமை என்ற பெயர் இல்லாவிடினும் அந்நிலை இருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. இவ்விளக்கத்தைச் சிட்டி கத்தியை ஓங்கிய காட்சியோடு வைத்துப் பாருங்கள். பிறர் நோக்கம் உள்ளே புகுந்து கையை ஆட்டுவதே பொறித்தன்மை. எலிப்பொறி என்னும் பொருளும் இங்கே பொருந்துவதை அறிக.

2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றில் நிகழ்ந்ததை நம்மவர் மறந்திரார். நாட்கூலி 232 ரூபாயாக இருந்த காலம். கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். 20 விழுக்காடு போனசும் 500 ரூபாய் கூலியும் கேட்டனர். தலைவர்களை விலக்கி வைத்துவிட்டுத் தாமே பேசினர். பெண்கள் ஒற்றுமை என்னும் பொருளில் பெம்பிளை ஒருமை என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். கேட்ட கூலி முழுதும் கிடைக்கவில்லை. ஆயினும் கிலோக் கணக்கில் மட்டும் எண்ணப்பட்டவர்கள் தம் நோக்கத்தைத் தாமே வகுத்துத் தம் வாயால் சொன்ன நாட்கள் அவை. பொறிக்கும் மனிதனுக்கும் வேற்றுமை யாதென அந்நாட்களில் அச்சாலை காட்டிற்று.

7. பிறப்பினால் அன்று

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. மனிதனை உயர்த்திப் பேசும் ஆர்வத்தில், "நாம் தாய் வயிற்றில் பிறந்தவர், பொறி பட்டறையில் பிறந்தது, ஆகவே நாம் உயர்ந்தோம்" என்று சிலர் வாதிடுகின்றனர். பௌத்தர் இவ்வாதத்தைக் கைக்கொள்ளலாகாது. பிறந்த இடத்தைக் காட்டி உயர்வு தாழ்வு பேசிய வாதத்தினாலேயே நம் முன்னோர் நூறு தலைமுறை வதைபட்டனர். வாசெட்ட சுத்தத்தில் பகவான், புல்லுக்கும் பறவைக்கும் மீனுக்கும் பிறப்பிலேயே அடையாள வேற்றுமை உண்டு, மனிதருக்குள் அவ்வாறு இல்லை, செயலாலேயே ஒருவன் உழவனும் கள்வனும் பிராமணனும் ஆகிறான் என்று நிறுவினார். அந்த அளவுகோலையே இங்கும் பிடிப்போம்.

அவ்வாறு பிடித்தால் இரண்டு முடிவுகள் கிடைக்கும். ஒன்று: பேசும் பொறி எவ்வளவு இனிமையாகப் பேசினும், இனிய சொல்லை மட்டும் கொண்டு அதனை மனிதன் என்று கொள்ளலாகாது, துன்பம் உணர்கிறதா, எண்ணித் துணிகிறதா, நாணுகிறதா, தானே திருந்துகிறதா என்று நோக்க வேண்டும். ஒரு காலத்தில் துன்பம் உணரும் பொறி பிறக்குமாயின், அது எதனால் செய்யப்பட்டது என்று பாராமல் அதற்கும் நம் மைத்திரியை நீட்டக் கடமைப்பட்டுள்ளோம். இரண்டு: மனித உருவில் பிறந்து, பிறர் துன்பம் தைக்காமல், ஏவியதைச் செய்து, நாணமின்றித் திருந்தாமல் வாழ்பவன், பிறப்பால் மனிதனாயினும் செயலால் பொறியே. சாதி கேட்டுக் குவளையை மாற்றி வைப்பவன் கையில் ஓடுவது அவன் எண்ணமன்று. பாட்டன் வைத்த சில்லு.

எந்திரன் கதையின் இறுதியில், 2030-ஆம் ஆண்டில் காட்சிக்கூடத்தில் கழற்றி வைக்கப்பட்ட சிட்டி, தான் சிந்திக்கத் தொடங்கியதே தான் கழற்றப்பட்டதற்குக் காரணம் என்று ஒரு மாணவிக்குக் கூறுகிறது. கேட்போர் நெஞ்சைத் தொடும் இடம் அது. ஆயினும் அம்முடிவை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சிந்தித்ததால் தீமை வரவில்லை. வேட்கையின் கீழ் நின்று சிந்தித்ததால் வந்தது. சிந்தனை கேடு தரும் என்று நமக்கும் நெடுங்காலம் சொல்லப்பட்டது. பகவானோ முறைப்படி சிந்தித்தலை, யோனிசோ மனசிகாரத்தை, நன்மை அனைத்திற்கும் முன்னோடி என்றார்.

8. நாம் செய்ய வேண்டுவது

மனிதத் தன்மை பிறந்தவுடன் கைக்கு வந்துவிடும் சொத்தன்று. நாள்தோறும் பயின்று காக்க வேண்டியது. ஒரு செயலைச் செய்யுமுன் மூன்று வினாக்களை உள்ளத்தில் கேட்டுக்கொள்ளப் பழகுங்கள். இந்த எண்ணம் என்னுடையதா, பிறர் என்னுள் வைத்ததா? இதனால் யாருக்கு வலிக்கும்? இதனை நான் மதிக்கும் பெரியோர் காணினும் செய்வேனா? பகவான் தம் மகன் இராகுலருக்கு, கண்ணாடியில் முகம் பார்ப்பது போல, செய்யுமுன்னும் செய்யும்போதும் செய்த பின்னும் செயலை நோக்குமாறு கற்பித்தது இதுவே. கோபம் எழும்போது நின்று ஒரு மூச்சை முழுதும் அறிந்து விடுபவன், கயிற்றுக்கும் பாவைக்கும் நடுவே கத்தரியை வைக்கிறான். பஞ்ச சீலத்தை வெறும் ஒப்புவித்தலாக நடத்தாதீர்கள். ஒப்புவித்தல் மட்டுமாயின் அதனைச் செல்பேசியும் நம்மைவிடத் தெளிவாகச் செய்யும்.

பிள்ளைகளைப் படம் பார்க்க வேண்டாம் என்று தடுக்காதீர்கள். உடன் அமர்ந்து பாருங்கள். முடிந்த பின் கீழ்க்காணும் வினாக்களை அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் விடையை முழுதும் கேட்ட பின் உங்கள் விடையைச் சொல்லுங்கள்.

வினாக்கள்

1. மர யானைக் கதையில் வஞ்சகம் யாருடையது? ஏன்?
2. தீயிலிருந்து மீட்கப்பட்ட பெண் ஏன் மாண்டாள்? சிட்டிக்கு எந்தத் தம்மம் இல்லை?
3. உணர்ச்சி ஒன்றே மனிதனை மனிதனாக்குமா? சிட்டியின் கதை கொண்டு விளக்குக.
4. தேர் உவமையால் நாகசேனர் எதனை மறுத்தார்? எதனை மறுக்கவில்லை?
5. அங்குலிமாலனும் சிட்டியும் எவ்வகையில் ஒப்பர்? எங்கே வேறுபடுவர்?
6. மனிதன் பொறியினின்று வேறானவன் என்பதைப் பிறப்பைக் காட்டாமல் நிறுவுக.
7. உன் வீட்டில் பாட்டனார் வைத்த சில்லு ஏதேனும் இன்னும் ஓடுகிறதா? அதனை எடுப்பவர் யார்?

இறுதி வினாவுக்குத் தாளில் விடை எழுத வேண்டாம். வீட்டில் எழுதுங்கள், நடந்து எழுதுங்கள்.

எல்லா உயிர்களும் நலமுறுக. சாது! சாது! சாது!